மோட்டார் ரூம் தெரு

1

ஓடும் நீருக்கு முன்னால் மனிதன் கைநீட்டி ‘நில்’ என்று சொன்ன கணத்தில்தான் நாகரிகம் பிறந்தது.

இந்த வாக்கியத்தை எங்கள் சிற்றணையின் ஆண்டு விழா மலருக்காக எழுதினேன். சிறப்பு விருந்தினரின் படத்துக்கு இடம் போதவில்லை என்று எடுத்துவிட்டார்கள். நல்ல வாக்கியம் வீணாகப் போகிறதே என்று அதை வைக்க ஒரு கதை தேடினேன். இந்தக் கதை பிறந்த லட்சணம் இதுதான்: மிச்சமான ஒரு வாக்கியத்துக்கு வாடகை வீடு பார்க்கப் போய், கதை மாட்டிக்கொண்டது.

கதை ஒரு கண்ணாடி பாட்டிலில் இருந்தது. சாப்பாட்டு மேஜை மேல். (அந்த மேஜைக்குப் பக்கத்தில் எனக்கு என்ன வேலை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். மறந்தால் நினைவுபடுத்துங்கள்.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

‘கருமேகங்கள் திரண்ட அந்த அந்திப் பொழுதில், மண்கரையின் உச்சியில் தன்னந்தனியாக நின்ற பெண் பொறியாளரின் கண்களில் ஒரு’

நிறுத்திவிட்டேன். அவள் நின்றது முற்பகலில். வானத்தில் மேகமே இல்லை. கண்களில் இருந்தது ஜலதோஷம்.

இரண்டாம் முயற்சி. அணையிலிருந்து தொடங்கலாம். அணை என்றதும் நீங்கள் மதகுகள், நுரை, அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் குடும்பம் என்று கற்பனை செய்வீர்கள். இது அப்படியில்லை. இரண்டு மேடுகளுக்கு நடுவே போட்ட ஒரு மண்கரை, அவ்வளவுதான். மேலே புல், அடியில் ஒரு குழாய், ஓரத்தில் மிச்சத் தண்ணீர் வழிந்தோட ஒரு கலிங்கு. பெருமழை வந்தால் வெள்ளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அதன் வேலை. மழை இல்லாத நாளில் அதைத் தாண்டிப் போகிறவர்கள் அதை மேடு என்றுதான் நினைப்பார்கள்.

அது கட்டப்பட்டபோது கீழே வயல்கள் மட்டும் இருந்தன. ஆகவே அதை மூன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். இந்த வகுப்பு கரையின் பலத்தைப் பார்த்துக் கொடுப்பதல்ல. உடைந்தால் யார் சாவார்கள் என்பதைப் பார்த்துக் கொடுப்பது. மூன்றாம் வகுப்பு என்றால் பயிர் போகும். முதல் வகுப்பு என்றால் ஆள் போகும். முதல் வகுப்பு அணையில் ஏதாவது கோளாறு என்றால் உடனே நீரை வடித்துவிட்டுப் பழுது பார்ப்பார்கள். மூன்றாம் வகுப்புக்கு முறை வரும்போது வரும்.

அணை வந்ததும் வெள்ளம் நின்றது. வெள்ளம் நின்றதும் வயல்காரர்கள் நிலத்தைப் பிரித்து விற்றார்கள். வீடுகள் வந்தன.

இல்லை, திருத்திக்கொள்கிறேன். வீடுகள் வரவில்லை. அணைக்குக் கீழே வீடு கட்ட அனுமதி கிடையாது. வயலுக்கு மோட்டார் ரூம் கட்டிக்கொள்ள மட்டுமே அனுமதி உண்டு. ஆகவே மோட்டார் ரூம்கள் வந்தன. மாடி வைத்த மோட்டார் ரூம்கள். அதில் ஒன்றைப் பார்க்க வந்த பழைய ஆய்வாளர், மோட்டாருக்கு எதற்கு பால்கனி என்று கேட்டாராம். காத்து வேணுமே சார், சூடாயிடாதா என்றாராம் சொந்தக்காரர். ஆய்வாளர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.*

* ஆய்வு என்று தகவல் வந்தால் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கதவைச் சாத்திவிட்டு எல்லா வீட்டிலும் மிக்ஸியை ஓடவிடுவார்கள். வெளியே நின்று கேட்டால் மோட்டார் மாதிரியேதான் இருக்கும்.

3

இப்போது பாட்டில்.

பொறியாளர் அதைக் கொண்டுவந்து வைத்தது தன் சொந்த அக்காவின் மேஜையில். அக்கா குடியிருப்பது மேற்படி மோட்டார் ரூம்களில் ஒன்றில். அத்தான் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என்ன, வரும்போதே டீ கொண்டுவந்துட்டியா என்றார்.

“கரைக்கு அடியில பிடிச்சது அத்தான். போன வருஷம் தெளிவா வந்துச்சு. தெளிவா வந்தா கசிவு. கலங்கி வந்தா, கரை கரையுதுன்னு அர்த்தம்.”

அத்தான் பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தார்.

மழைக்காலத்துக்கு முன் நீரை வடித்துக் குழாயைச் சுற்றிப் பழுது பார்த்தாக வேண்டும். அதற்கு அணை முதல் வகுப்புக்கு ஏற வேண்டும். அதற்குக் கீழே குடியிருப்பு இருப்பதாக நிரூபிக்க வேண்டும். குடியிருப்பு என்றால் மனிதர் உறங்கும் இடம் என்று விதி சொல்கிறது. அவள் மேலதிகாரிக்குத் தெரிவித்தாகிவிட்டது. அவர் நேரில் வந்து பார்க்கப் போகிறார்.

“அப்போ நாங்க இங்க இருக்கோம்னு நானே சொல்லணும்.”

“ஆமா அத்தான்.”

“சொன்னா வீடு போயிடும்.”

“சொல்லலைன்னா நீங்க போயிடுவீங்க.”

“ஏண்டி,” என்றாள் அக்கா, “சோறு போட்டு வச்சிருக்கும்போது பேசற பேச்சா இது? சாப்பிட்டுட்டுப் பயமுறுத்து.”

4

இங்கே ஒரு சிக்கல். கதைக்கு ஒரு வில்லன் தேவை. அத்தானைத்தான் நினைத்து வைத்திருந்தேன். முதல் வரைவில் அவருக்கு முறுக்கு மீசையும் மோதிரமும் கொடுத்தேன். அவரிடம் இரண்டும் இல்லை. தெருவில் யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் ஸ்பேனரோடு போய் நிற்கிற மனிதர். ஒழுகாத கூரைக்குக் கீழே ஒரு நாள் படுக்க வேண்டும் என்று பாதி ஆயுள் வாடகை வீடுகளில் கழித்தவர். அணைக்கு அடியில் இடம் வாங்கினதே, வெள்ளம் வராது, பாதுகாப்பு என்றுதான். வில்லன் வேலைக்கு ஆள் தேறவில்லை.

சரி, பொறியாளரையாவது அஞ்சா நெஞ்சம் கொண்ட நேர்மையின் வடிவமாக ஆக்கலாம் என்று பார்த்தேன். அணை உடைவதைப் பற்றி அவள் பதறாமல் பேசுகிறாள். அக்கா இனி உன்னோடு பேசாமல் இருந்துவிடுவாளோ என்று கேட்டால் கைக்குட்டையை எடுத்துவிடுகிறாள். (ஜலதோஷம்தான் என்றாள்.)

அன்று அவள் கிளம்பும்போது, பாட்டிலை எடுத்துட்டுப் போடி, பார்க்க சகிக்கலை என்றாள் அக்கா. அவள் எடுக்கவில்லை.

5

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அ) பெருமழை. கரை உடைகிறது. மிக நன்றாக வந்தது, உவமைகள் எல்லாம் தானாக விழுந்தன. கிழித்துவிட்டேன். அந்தத் தெருவில் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் நடையழகுக்காக அவர்களை நனைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆ) மேலதிகாரி மனம் மாறி, ‘விதிகள் மனிதருக்காகவே’ என்று முழங்கி, அங்கேயே உத்தரவு பிறப்பிக்கிறார். இதையும் எடுத்துவிட்டேன். அவருக்கு மனம் இருந்தது. மாற்றுவதற்கு அதிகாரம்தான் இல்லை.

இ) தெரு மக்கள் அனைவரும் ஒன்று திரண்டு, கைகளைக் கோத்து

நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

6

மேலதிகாரி காலையில் வந்தார். தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. எல்லா மிக்ஸியும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நடுத்தெருவில் குடையை ஊன்றி நின்று கொஞ்ச நேரம் கேட்டார். மோட்டார் சத்தம்தானேம்மா வருது, வீடுன்னு எழுதியிருக்கியே என்றார் பொறியாளரிடம். அக்கா வீட்டுக் கதவைக் காட்ட அவளுக்குக் கை எழவில்லை. நீங்களே கூப்பிட்டுப் பாருங்க சார் என்று மட்டும் சொன்னாள்.

அவர் தொண்டையைச் செருமினார். “இங்க யாராவது குடியிருக்கீங்களா?”

தெரு அரைத்துக்கொண்டே இருந்தது.

பிறகு ஒரு மிக்ஸி நின்றது. அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். இரண்டு கக்கத்திலும் தலையணைகள். காம்பவுண்டு சுவரின் மேல் ஒவ்வொன்றாகக் காயப் போடுகிற மாதிரி அடுக்கினாள். தங்கையின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

“நாங்க இங்கதான் சார் தூங்கறோம். பார்க்கணும்னா காலைத் துடைச்சுட்டு உள்ள வாங்க.”

அவள் பின்னால் அத்தான் வந்தார். கையில் அவருடைய தலையணை, உறையெல்லாம் எண்ணெய்க் கறை. அதைக் கறை தெரியாதபடி திருப்பி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேலதிகாரி தலையாட்டினார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வீடு இருந்தால் அது வீடுதான், குடியிருப்பு ஆகாது. விதியில் ‘வீடுகள்’ என்று பன்மையில் இருக்கிறது என்றார். இன்னும் ஒரே ஒரு வீடு சொன்னால் போதும், மறுநாளே நீரை வடிக்க ஆரம்பித்துவிடலாம்.

“வேற யாராவது இருக்கீங்களா?” என்று இன்னொரு முறை கூப்பிட்டார்.

யாரும் வரவில்லை. அவர் அவசரப்படவில்லை. குடையை விரித்துக்கொண்டு காத்திருந்தார். பொறியாளர் மூக்கைத் துடைத்தபடி ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அத்தான் தரையைப் பார்த்தார். அக்கா மட்டும் பக்கத்து வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

7

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். இரண்டாவது கதவு திறந்ததா என்பதை முடிவு செய்யும் பொறுப்பு இனி உங்களுடையது. கதையின் நாகரிகம் அதுதான் என்று விமர்சகர்கள் சொல்கிறார்கள். நீங்கள் இளகின மனம் உள்ளவர் என்றால் இப்போதே ஒரு கதவைத் திறந்துவிடுங்கள். மழைக்கு அதிக நாள் இல்லை. திறக்க மனம் வரவில்லை என்றாலும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். சொந்த வீட்டை வீடு என்று உரக்கச் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது, சொல்ல வேண்டி வரும்போதுதான் தெரியும்.

முதல் வாக்கியத்துக்குக் கடைசிவரை இடம் அமையவில்லை.

அந்தச் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் எனக்கு என்ன வேலை என்று சொல்வதாகச் சொல்லியிருந்தேன். பேப்பர் இரவல் வாங்கப் போயிருந்தேன். நான் பக்கத்து வீடு.

அன்று காலை என் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. ஜாரில் ஒன்றும் இல்லை.