வாங்காத வரி

பங்குனி பிறந்துவிட்டால் அய்யம்பெருமாளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பது அவர் பொறுப்பு. தோளில் துண்டும் கக்கத்தில் மஞ்சள் பையுமாகத் தெருத் தெருவாக இறங்கிவிடுவார். தா.பழூர் பக்கத்தில் உள்ள அந்தச் சின்ன ஊரில், வரி கொடுத்தால்தான் ஊர்க் குடும்பம். வரி வாங்காமல் ஒரு வாசலைத் தாண்டிவிட்டால், அந்த வீட்டார் அம்மனுக்கு ஒரு சொம்புப் பால்கூட எடுக்க முடியாது.

அன்று கீழத்தெருவில் ஜெயசுதாவின் வாசலை அவர் தாண்டிப் போனார்.

"மாமா, எங்க வூட்ட வுட்டுட்டுப் போறீங்களே!" தையல் மிஷினிலிருந்து எழுந்து ஓடி வந்தாள் அவள். கழுத்தில் அளவு டேப்பு தொங்கியது. கையில் வரிப் பணம் இருந்தது.

"ஒன் வூட்ல வாங்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா." வேப்பமரத்தைப் பார்த்தபடி சொன்னார் அய்யம்பெருமாள்.

"யாரு சொன்னா?"

"ஊர்லதான்."

ஊர் என்றால் முன்னாள் ஊராட்சித் தலைவர் தர்மன் என்று பொருள். அவர் காலத்தில்தான் கீழத்தெருவுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். திறப்பு விழாவும் பந்தலும் மாலையும் அமர்க்களப்பட்டன. தண்ணீர் மட்டும் இன்றுவரை ஏறவில்லை. பெண்கள் இன்னமும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வயல் மோட்டாருக்கு நடக்கிறார்கள். அந்தத் தொட்டிக்கும் குழாய்க்கும் ஆன செலவுக் கணக்கைத்தான் ஜெயசுதா தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேட்டிருந்தாள்.

கேட்கச் சொன்னது யார்? இதே அய்யம்பெருமாள்தான். "நீ படிச்ச புள்ள, எழுதிப் போடும்மா. தெருவே ஒம் பின்னாடி நிக்கும்" என்று உசுப்பேற்றியதும் அவர்தான், ஜெயங்கொண்டம் போய் மனுவில் ஒட்டக் கோர்ட் வில்லை வாங்கி வந்ததும் அவர்தான். கையெழுத்து என்று வந்தபோது மட்டும், "நான் கோயில் காரியத்துல இருக்கவன், எனக்கெதுக்கும்மா" என்று நைசாக நழுவிவிட்டார்.

மனு ஊராட்சிச் செயலர் கைக்கு வந்தது. அவர் முதல் வேலையாகத் தர்மனுக்குப் போன் போட்டார். தர்மன் கத்தவில்லை, மிரட்டவில்லை. அய்யம்பெருமாளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "ஊர்மேல மனுப் போட்டவ வூட்ல வரி வாங்க வேண்டாம்ணே" என்றார். தன் கணக்கைக் கேட்டதை ஊரையே கேட்டதாக மாற்றிவிட்ட கெட்டிக்காரர்! எழுதச் சொன்னது நான்தான் என்று சொல்ல அய்யம்பெருமாளுக்கு அப்போது வாய் வந்திருக்க வேண்டும். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார். தெருக்காரர்களும் வாய் திறக்கவில்லை. மோட்டார் அடியில் ஜெயசுதாவைக் கண்டால் பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அவள் எதையும் தாங்கியிருப்பாள். ஆனால் மகள் கவியா அம்மை போட்டுப் பிழைத்து எழுந்தவள். பிள்ளை பால்குடம் எடுப்பாள் என்று ஜெயசுதா அம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். அம்மா தைத்துக் கொடுத்த மஞ்சள் பாவாடையைப் போட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கு மட்டும் ஏம்மா காப்புக் கட்ட மாட்டாங்க?" என்று பிள்ளை கேட்டதும் ஜெயசுதா உடைந்துபோனாள்.

காப்புக் கட்டும் நாள், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். எப்படியும் இறங்கி வருவாள் என்று தர்மன் காகிதத்தைத் தயாராக வைத்திருந்தார். கணக்கை நேரில் பார்த்துத் திருப்தி அடைந்ததாகவும், மனுவைத் திரும்பப் பெறுவதாகவும் அதில் எழுதியிருந்தது. பார்க்காத கணக்குக்கு அவள் கையெழுத்துப் போட்டாள்.

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல? அண்ணே, வரிய வாங்கிக்குங்க" என்றார் தர்மன், வாயெல்லாம் பல்லாக.

அய்யம்பெருமாள் பணத்தை வாங்கும்போது குனிந்து, "மனசுல வெச்சுக்காதம்மா, எனக்கு வேற வழி தெரியல" என்று முணுமுணுத்தார்.

ஜெயசுதா குரலைத் தாழ்த்தவில்லை. கோயிலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"முழுங்குனது ஒருத்தர்தான் மாமா. அவருக்குக் காவல் நிக்கறது நீங்க எல்லாரும். தொட்டிய யாரு முழுங்குனான்னு இனிமே டீக்கடையில குந்திப் பேசாதீங்க. கேட்டவ ஒருத்தி இருந்தா. அவள ஒத்தையா வுட்டு வாய மூட வெச்சது நீங்கதான்."

பூசாரி பிள்ளையின் கையில் காப்பைக் கட்டினார்.

கணக்குக் கேட்க ஒருவருக்குச் சட்டம் உரிமை தரலாம், ஆனால் அவர் பக்கத்தில் ஊர் போய் நிற்காவிட்டால் அந்த உரிமை வெறும் காகிதம்தான் என்பது அய்யம்பெருமாளுக்கு அப்போது நன்றாக உறைத்தது. உறைத்தும் என்ன? ரசீதைக் கிழித்து அவளிடம் நீட்டிவிட்டு, காப்புக் கட்ட அடுத்த வீட்டுக்காரரின் பெயரைக் கூப்பிட்டார்.