ஓரெழுத்தும் கூறைச்சேலையும்

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டுபோன சிவகுருநாதன் திரும்பவில்லை. செத்துப்போனார் என்ற செய்திதான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தது. உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருவம் கட்டிக் கொளுத்துவது வழக்கம். கட்டியாயிற்று. இனி அதன்மேல் பெண்டாட்டியின் கூறைச்சேலையைப் போர்த்த வேண்டும்.

நேசம்மா சேலையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜப்பான்காரன் காலத்தில் துணி ஏது? அவளுடைய இரண்டு பெண்களும் கோணிச் சாக்கை உடுத்திக்கொண்டு, வெட்கத்தில் மூன்று மாதமாக வாசற்படி தாண்டவில்லை. அந்தச் சிவப்புப் பட்டில் இரண்டு சட்டை தாராளமாக வரும்.

புருஷனின் பெரியப்பா கார்த்திகேசு ஊருக்கெல்லாம் சட்டம் சொல்கிறவர். அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"முந்திப் பொம்பிளையள் உடன்கட்டையே ஏறினவை. உன்னட்டைச் சீலையைத்தானே பிள்ளை கேக்கிறம்?"

"ஏறச் சொல்லி எங்க கிடக்கு, மாமா?"

"வேதத்தில! 'அக்னே' எண்டு மந்திரம். நெருப்புக்குள்ள போ எண்டு அர்த்தம். ஐயரைக் கேள்!"

மந்திரம் சொல்ல வந்திருந்த ராதாகிருஷ்ணையர் விழித்தார். உண்மையைச் சொன்னால் தட்சிணை மரவள்ளிக்கிழங்கு போய்விடும். நேசம்மா விடவில்லை.

"சொல்லுங்கோ ஐயா."

"அது அக்னே இல்லை, அக்ரே" என்றார், தரையைப் பார்த்தபடி. "முன்னாலேன்னு அர்த்தம். புருஷன் உள்ள பொம்மனாட்டிகள் முன்னாலே போகட்டும்னு இருக்கு. பின்னாடி யாரோ ஓரெழுத்தை மாத்திட்டா. விதவைக்கு அடுத்த மந்திரம்."

"அதில என்ன?"

"எழுந்திரும்மா, உயிரோட இருக்கறவா உலகத்துக்கு வா."

ஓரெழுத்தைக் காட்டி எத்தனை பேரைக் கொளுத்தியிருப்பார்கள், பாவிகள்! நேசம்மா எழுந்தாள். தாலியைக் கழற்றித் தர்ப்பை நெஞ்சில் வைத்தபோது கண் நிறைந்தது. சேலையை மட்டும் விடவில்லை.

"தாலி அவரோட போகட்டும். சீலையும் அவர் தந்ததுதான். அவற்ற பிள்ளையள் உடுக்கட்டும்."

கார்த்திகேசு கத்தினார். அவள் காதில் வாங்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கூட்டம் கோயிலுக்குப் புறப்பட்டது. "பொம்பிளையள் பின்னுக்கு!" என்று கார்த்திகேசு அதட்டினார். சிவப்புப் பட்டுச் சட்டையில் தயங்கி நின்ற மகள்களை நேசம்மா முதுகில் தட்டினாள்.

"அக்ரே எண்டால் என்ன பிள்ளையள்? முன்னுக்கு நடவுங்கோ!"