இருபதாவது மேற்கோள்

செல்லாருக்கு இருபது வேண்டும். பத்தொன்பதில் நின்றுகொண்டிருந்தார்.

செல்லார் என்பது மாணவர்கள் வைத்த பெயர். ஆராய்ச்சி நிலையத்தில் செல் உயிரியல் துறையின் இணைப் பேராசிரியர். பேராசிரியராக வேண்டுமென்றால் எச்-இண்டெக்ஸ் இருபதைத் தொட வேண்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். அதாவது, இருபது கட்டுரைகள் தேற வேண்டும். ஒவ்வொன்றையும் குறைந்தது இருபது கட்டுரைகளாவது மேற்கோள் காட்டியிருக்க வேண்டும். பத்தொன்பது கட்டுரைகள் சமர்த்தாகத் தேறிவிட்டன. கடைசிப் பிள்ளை மட்டும் பத்தொன்பது மேற்கோளோடு படுத்துக்கொண்டு சண்டித்தனம் செய்தது. தன்னைத்தானே மேற்கோள் காட்டுவது கணக்கில் சேராது. மாதக் கடைசியில் தேர்வுக் குழு கூடுகிறது. இந்த முறை நழுவினால் அவருடைய நுண்ணோக்கி அறை எதிர் அறைக்காரருக்குப் போய்விடும். அந்த நல்ல மனிதர் ஒரு நாள் வந்து, மேசை போடுவதற்கு நாடாவால் அளந்தும் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

அந்தச் சண்டிக் கட்டுரையில் செல்லார் சொல்லியிருந்தது இதுதான்: நரம்பு செல் புதிதாகக் கிளை விடுவதற்கு முன் தன் நுனியைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது, தாவுகிறவன் இரண்டடி பின்வாங்குவதைப் போல. அழகான கருத்து. உலகம்தான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பல் துலக்குவதற்கு முன்பே கணினியைத் திறந்து எண்ணிக்கையைப் பார்ப்பார். ஸ்கோர் என்ன என்று மகள் கட்டிலில் இருந்தபடியே கேட்பாள். அவர் பதில் சொல்லாவிட்டால் பத்தொன்பது.

இத்தனைக்கும் மருந்து வீட்டிலேயே இருந்தது. அவருடைய மனைவி அதே நிலையத்தில் நரம்பியல் துறை. அதே நரம்பு நுனிகளைப் பற்றி அவரும் ஒரு கட்டுரை எழுதி, அச்சுக்கு அனுப்பும் நிலையில் வைத்திருந்தார். ஒரே ஒரு வரி போதும். செல்லார் ஒரு வாரம் கேட்காமலேயே பாத்திரம் துலக்கினார். தலைவலியா என்று இரண்டு முறை விசாரித்தார். மூன்றாவது முறை மனைவி பேனாவைக் கீழே வைத்தார்.

“எதுக்கு அடி போடறீங்கன்னு தெரியும். உங்க நுனி எங்க லேப்ல பின்னாடி போகவே மாட்டேங்குதுங்க. பார்க்காததை எப்படி எழுதறது?”

செல்லார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஃபிரிட்ஜைத் திறந்தார். எதையும் எடுக்கவில்லை. யோசனை வந்தால் அவருக்கு அப்படித்தான். ஃபிரிட்ஜுக்குள் யாரோ தூரத்துச் சொந்தக்காரர் உட்கார்ந்திருப்பது போலப் பார்த்துக்கொண்டே நிற்பார். கதவைச் சாத்தச் சொல்லிச் சொல்லி மனைவிக்குத் தொண்டை தேய்ந்திருந்தது. இன்று மனைவி அதைச் சொல்லாமல் வேறொன்று கேட்டார்.

“ஏங்க, லேப்லயும் இப்படித்தான் நிப்பீங்களா?”

“எப்படி?”

“இன்குபேட்டரைத் திறந்து வெச்சுக்கிட்டு.”

செல்லார் ஃபிரிட்ஜ் கதவைச் சட்டென்று சாத்தினார். இன்குபேட்டர் என்பது செல்களை உடம்புச் சூட்டிலேயே வைத்து வளர்க்கிற பெட்டி. அதைத் திறந்து, தூங்கும் குழந்தைகளைப் பார்க்கிற தகப்பனைப் போல நிற்பது அவருடைய நெடுநாள் வழக்கம்.

மறுநாள் செல் வளரும் தட்டுகளில் இரண்டைத் தேர்ந்துகொண்டார். ஒன்றைச் சட்டென்று எடுத்து, சூடாக்கி வைத்திருந்த நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தார். நுனிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. இன்னொன்றுக்கு, கதவைத் திறந்துவிட்டு, பதவி உயர்வை நினைத்துக்கொண்டு வழக்கம் போல நின்றார். அந்தத் தட்டில் அத்தனை நுனியும் உள்ளுக்குள் சுருண்டிருந்தது. அவை தாவுவதற்காகப் பின்வாங்கவில்லை. பாவம், குளிரில் ஒடுங்கியிருந்தன.

மூடி மறைக்கத் தெரியாத மனிதர். மாலையில் வந்ததும் அப்படியே மனைவியிடம் கொட்டிவிட்டார். மனைவி வெகுநேரம் யோசித்து ஒரு வரி எழுதி வாசித்துக் காட்டினார்: ‘முன்பு ஓர் ஆய்வில் கண்ட இந்த அசைவு, இன்குபேட்டரின் கதவு அதிக நேரம் திறந்திருந்ததால் ஏற்பட்டிருக்கலாம்.’ அதற்கடுத்து மேற்கோளாகக் கணவரின் கட்டுரை.

“வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க, எடுத்துடறேன். ஊரே சிரிக்கும்.”

மகள் எட்டிப் பார்த்தாள். “திட்டினாலும் கணக்குல ஏறுமாப்பா?”

“ஏறும்மா. எண்ணுற மெஷினுக்குத் திட்டும் ஒண்ணுதான், பாராட்டும் ஒண்ணுதான்.”

செல்லார் அந்தத் தாளை வாங்கி இன்னொரு முறை படித்தார். காது மடல் சிவந்திருந்தது.

“‘ஏற்பட்டிருக்கலாம்’ வேண்டாம். ‘ஏற்பட்டது’ன்னே போடு. நானே பார்த்துட்டேன்ல.”

பத்திரிகைக்குத் தாமே ஒரு திருத்தக் குறிப்பும் அனுப்பினார். மனைவியின் கட்டுரை இணையத்தில் ஏறிய அன்று இயக்குநரிடம் போய், தம் கட்டுரை தவறு, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சொன்னார். இயக்குநர் அவரைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார்.

“இருபது காட்டுதே சார். அப்புறம் என்ன?”

பிறகு நடந்தது யாரும் எதிர்பாராதது. தங்கள் இன்குபேட்டர் கதவை நினைத்துப் பயந்துபோன ஆய்வகங்கள் எல்லாம் போட்டி போட்டுக்கொண்டு செல்லாரை மேற்கோள் காட்டின. அவர் எழுதியதிலேயே அதிகம் பேசப்பட்ட கட்டுரை அதுதான். எதிர் அறைக்காரர் நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு, தம் இன்குபேட்டர் கதவைச் சரிபார்க்கப் போனார்.

பேராசிரியரான முதல் நாள் செல்லார் இன்குபேட்டர் முன்னால் போய் நின்றார். கதவில் மனைவியின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘பார்த்தது போதும்.’

அவர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார்.