பச்சைக்கு அடியில் ஒரு கெண்டை

1991ஆம் ஆண்டு நவம்பர் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை. ஓசியெக் நகரில் நான் தலைமையாசிரியையாக இருந்த பள்ளியின் உடற்பயிற்சிக்கூடம் அப்போது படைப்பிரிவின் கிடங்கு, பொறுப்பு என்னுடையது. தலைக்கவசங்களில் வரைந்தவை அனைத்தையும் திங்கட்கிழமைக்குள் சுரண்டி அழிக்க வேண்டும் என்று அன்று காலை உத்தரவு வந்திருந்தது. அதை நான் வரவேற்றேன். காதலியின் பெயர், கால்பந்துக் குழுவின் சின்னம், ‘குனிந்து நட, முட்டாளே’ என்ற அறிவுரை ஆகியவற்றைத் தலையில் சுமந்துகொண்டு போருக்குப் போவது ஒழுங்காகாது என்பது என் கருத்து.

சுரண்டுவதற்காக நான் முதலில் எடுத்தது படைவீரன் ஸ்லாவ்கோவின் கவசம். அவன் இறந்து ஆறு நாள் ஆகியிருந்தது. பின்புறத்தில் பெரிய வெள்ளைக் கெண்டை மீன். எண்ணெய் வண்ணம் தடிப்பாக ஏறியிருந்தது. அதை வாங்கிப்போக அவன் மனைவி லியெர்கா வந்திருந்தாள். படை வரிசையில் அவனுக்குப் பின்னால் நடந்த அந்துனும் அதற்காகவே வந்திருந்தான்.

“வீட்டுக்குக் கொடுக்க முடியாது. கவசம் இல்லாமலே பலர் நிற்கிறார்கள்,” என்றேன்.

லியெர்கா மீனைத் தடவினாள். “அவருக்கு ஒரு கோடு நேரா போட வராது. யாரு வரைஞ்சது?”

“நான்தான் அண்ணி,” என்றான் அந்துன். “அவனவன் தொப்பில அவனவன் வரையறதில்ல. பின்னாடி வர்றவன்தான் வரைவான். நாள் பூரா பாக்கப்போறவன் அவன்தானே.”

“வயித்துல என்ன கோடு?”

அந்துன் தயங்கினான். “கிழிச்சுக் கழுவின மீனு. ஞாயித்துக்கிழமை திராவாவுல பிடிச்சேன்னு சொல்லுவானே... வர்ற வழியில சந்தையில வாங்கறது.”

“தெரியுமே! எந்த ஆத்துல மீனு குடல எடுத்துட்டு நீந்துது?” அவள் சிரித்தாள். சிரிப்பு நின்றபோது குரல் மாறியிருந்தது. “இந்த வெள்ளையப் பாத்துத்தான் அடிச்சாங்களா?”

“இல்ல அண்ணி. ஷெல்லு. அதுக்கு ஏது கண்ணு?”

“அப்புறம் ஏன் அழிக்கச் சொல்றாங்க?”

அவன் என்னைப் பார்த்தான். காரணம் எனக்குத் தெரியும். வெள்ளை நிறம் வெகுதூரம் தெரியும். அந்த ஆறு நாளும் அவன் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. நாற்பது ஆண்டுகள் எந்தக் கேள்வியையும் பதிலின்றி விட்டவளல்ல நான். அன்று சுரண்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“இப்ப முன்னாடி யாரு நடக்கறது?” என்று லியெர்கா கேட்டாள்.

“நான்தான்.”

அவள் மூலையில் இருந்த பச்சை வண்ண டப்பாவைத் திறந்தாள். நான் தடுக்கவில்லை. மீனின் மேல் நிதானமாக, இடைவெளி விடாமல் பூசினாள். வெள்ளை மறைந்தது, தடித்த விளிம்பு மட்டும் மேடாக நின்றது. நான் மூன்றடி பின்னால் போய் நின்று பார்த்தேன். மீன் தெரிந்தது. வாசல்வரை போய்ப் பார்த்தேன். தெரியவில்லை.

முடிவு இதுதான்: மற்றக் கவசங்கள் சுரண்டப்பட்டன. இது சுரண்டப்படவில்லை. இது அந்துனுக்குக் கொடுக்கப்பட்டது. போர் முடிந்ததும் அவன் அதை லியெர்காவிடம் ஒப்படைக்க வேண்டும். வண்ணம் காயும்வரை இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கவசம் அவள் மடியில் இருந்தது.