ஊசி போடாத ஒமுர்பெக்

ஒமுர்பெக் மூன்று முறை குடியை விட்டவன். உண்மையில் அவன் விடவில்லை, விட வைத்தார்கள். கிர்கிஸ் தலைநகர் பிஷ்கேக்கில் தடை ஊசி போடும் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. இடுப்பில் ஒரு ஊசி, கூடவே ஒரு மிரட்டல்: தவணைக்குள் ஒரு வாய் வோட்கா உள்ளே போனாலும் இதயம் நின்றுவிடும்.

முதல் ஊசியின் தவணை முடிந்த அன்று மதியத்துக்குள் அவன் போதையில் கிடந்தான். தவணை முடிந்துவிட்டால் தன்னால் என்ன செய்ய முடியும் என்று கேட்டான். நியாயமான கேள்விதான். அடுத்த முறை, புகைப்படத்தைப் பார்த்தே குடியை நிறுத்துகிற ஓர் அம்மாளிடம் அவன் மனைவி ஜிபார் கல்யாணப் படத்தைக் கொண்டுபோனாள். ஒரே வாரத்தில் தள்ளாடி வந்தவன், படத்தில் பக்கத்தில் நின்ற அண்ணன் மேல் அம்மாளின் பார்வை விழுந்துவிட்டது என்று விளக்கம் சொன்னான். அந்த அண்ணன் சகினும் அப்போது அவன் தோளைப் பிடித்துத் தள்ளாடிக்கொண்டுதான் நின்றார்.

மூன்றாவது முறை மறுபடி ஊசி; அது நிலைத்தது. அந்த வருடங்களில் அவன், ஜிபாரின் பூட்ஸைக் காலையில் அடுப்போரம் வைத்துச் சூடாக்கிக் கொடுக்கிற மனிதனாகியிருந்தான். சகினின் மகன் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அந்தத் தவணையும் முடிந்தது.

இனி ஒருமுறை குடித்தால் மகளைக் கூட்டிக்கொண்டு தலாசில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விடுவதாக ஜிபார் எப்போதோ சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். அதனால்தான் இப்போது அவளுக்கே பயமாக இருந்தது. புது ஊசிக்குப் போகலாம் என்று கெஞ்சினாள். அவன் அசையவில்லை.

"மூணு தடவையும் மத்தவங்கதான் நிறுத்துனாங்க. நான் எப்ப நிறுத்துறது?" என்றான்.

வசனம் நன்றாகத்தான் இருந்தது. குடிகாரர்களின் வசனம் என்றைக்கு மோசமாக இருந்திருக்கிறது?

கல்யாணப் பந்தியில் குதிரை இறைச்சியைவிட பாட்டில்கள் அதிகம். தம்பியின் தவணை முடிந்த செய்தி மாப்பிள்ளையைவிட முக்கியமாகப் பேசப்பட்டது. சகின் நிரம்பிய கிளாஸை நீட்டினார்.

"பிடிடா தம்பி. மணமக்களை வாழ்த்திக் குடி."

"வாழ்த்துறேன் அண்ணே. குடிக்கல."

கல்லீரல் கெட்டுவிட்டதா என்று ஒருவர் பரிவோடு விசாரித்தார். தொழுகை தொடங்கிவிட்டானா என்றார் இன்னொருவர். இரண்டில் ஒன்று என்றால் மன்னித்திருப்பார்கள். ஊசி என்றால் மரியாதையே கிடைத்திருக்கும்.

"அப்ப யாரு தடுக்கிறா? பொண்டாட்டியா?" என்றார் சகின்.

எல்லாக் கண்களும் ஜிபார் மேல் திரும்பின. அவன் விரல்கள் மேசை விரிப்பைப் பிடித்திருப்பதை அவள் பார்த்தாள். பொய் தானாக வாயில் வந்தது.

"புது ஊசி போட்டாச்சு மாமா. கட்டாயப்படுத்தாதீங்க, உயிருக்கு ஆபத்து."

சகினின் கை உடனே பின்வாங்கியது. பந்திக்கே நிம்மதி. அத்துடன் அவன் தப்பித்திருக்கலாம்.

"ஊசியெல்லாம் போடல அண்ணே," என்றான் ஒமுர்பெக். "அவ எனக்காகப் பொய் சொல்றா. இப்ப குடிச்சா நான் சாக மாட்டேன். யாரும் தடுக்கவும் இல்ல. நானாத்தான் வேணாங்கிறேன்."

"காரணமே இல்லாம என் கையைத் தள்றியா?" சகினின் முகம் சிவந்தது. செத்துப்போகும் தம்பியை அவரால் பொறுத்துக்கொள்ள முடிந்திருக்கும். வேண்டாம் என்று சொல்கிற தம்பி புதிது. கிளாஸை அவன் முன்னால் ஓங்கி வைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார். இறைச்சி பங்கு வைத்தபோது தம்பி என்ற முறையில் அவனுக்கு உரிய மரியாதைப் பங்கான இடுப்பெலும்பு வேறு யார் தட்டுக்கோ போயிற்று. அவன் தட்டில் விழுந்தது வெறும் விலா.

ஒமுர்பெக் விலாவைக் கடித்தான். பந்தி முடியும்வரை கிளாஸ் அப்படியே நிரம்பி நின்றது.

வெளியே வந்ததும் பழக்கப்படி காரின் அருகே நின்று, அவள் மோந்து பார்க்க வசதியாக அவன் வாயைத் திறந்தான். இத்தனை வருடங்களும் அவர்கள் வீட்டுச் சோதனைச்சாவடி அதுதான்.

ஜிபார் சாவியை அவன் கையில் வைத்தாள்.

"வாய மூடுங்க, குளிர் உள்ள போகும்," என்றாள். "மோந்து பாக்குற வேலையை நான் விட்டுட்டேன். வண்டிய எடுங்க."