அமிர்தம் உட்கார ஓர் இடம்

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதமாகத்தான் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன மே மாதம் அக்கா குடும்பத்தோடு ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போனேன். எந்தப் பூங்கா என்று சொல்ல மாட்டேன். வக்கீல் வைத்து வழக்காட எனக்கு வசதி போதாது. ஒரு ராட்டினத்துக்காக இரண்டேகால் மணி நேரம் வெயிலில் நின்றோம். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு நிழற்கூடம், உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்க, ஆளே இல்லாமல் கிடந்தது. வாசலில் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்குக் காவலாக நீலச் சேலையில் ஓர் அம்மாள், அவரும் வெயிலில்தான் நின்றார். "நீங்க எப்ப உட்காருவீங்க?" என்று கேட்டேன். "வூட்டுக்குப் போயி" என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் நிர்வாகத்துக்கு நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்ற பதில் அரை நிமிடத்தில் வந்தது. நான்கு பக்கத்தை அரை நிமிடத்தில் படிக்கிறவர்கள் ஒரு ராட்டினத்தை மட்டும் ஏன் இவ்வளவு

சரி, விடுங்கள். கோபத்தோடு கதை எழுத உட்காரக் கூடாது என்பார்கள். எனக்கு அந்த நேரத்தில் கையில் இருந்தது கோபம் மட்டும்தான்.

2

முதல் தொடக்கம்: 'கல்வராயன் மலை அடிவாரத்தில் கத்திரி வெயில்' என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். வெயிலில் ஆரம்பிக்கும் கதைகள் ஏற்கெனவே நீண்ட வரிசையில் நிற்கின்றன.

இரண்டாவது தொடக்கம்: '1987ஆம் ஆண்டு, கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, மலை தொடங்கும் இடத்தில், நாற்பது ஏக்கரில் உல்லாசபுரி என்ற பூங்கா இருந்தது.'

இருக்கவில்லை.* நான்தான் போன மாதம் கட்டினேன். கட்டுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. நிர்வாகம் செய்வதுதான் கஷ்டம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். முதலாளிகள் சென்னையில். பூங்கா நடுவில் சிமென்ட்டில் ஒரு மலை, அதைச் சுற்றி ஒரு குட்டி ரயில். சிமென்ட் மலையை உயரமாகக் கட்டிவிட்டதால் பின்னால் இருக்கும் நிஜ மலை தெரியாது. சிமென்ட் அருவியில் நாளெல்லாம் தண்ணீர் கொட்டும். குடிக்க ஒரு குழாய் கிடையாது. தங்கும் விருந்தினர்களுக்கு இருபது அறைகள், அவற்றில் பதினெட்டு பூட்டியே கிடக்கும். புகார்ப் பெட்டி ஒன்று உண்டு. அதன் சாவி சென்னையில்.

(* எண்பத்தேழில் அந்தப் பக்கம் ஏதய்யா இப்படிப்பட்ட பூங்கா என்று கேட்பவர்களுக்கு: நியாயமான கேள்வி. எனக்குச் சொந்த ஊர் மணலூர்பேட்டை, ஆகவே எனக்கே தெரியும். ஆனாலும் அந்த ஆண்டுதான் வேண்டும். அந்த ஆண்டு எங்கள் பக்கத்துச் சுவர்களில் எல்லாம் இருந்த ஒரு சொல் எனக்கு வேண்டும். கொஞ்சம் பொறுங்கள், வரும்.)

3

அமிர்தம் நைனார்பாளையத்துக்காரி. முப்பத்தெட்டு வயது. புருஷன் மாயவன் குத்தகை நிலத்தில் கரும்பு போடுகிறான். குட்டி ரயிலுக்கு நிற்கும் வரிசையைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கழுத்தில் விசில், உடம்பில் நீலச் சேலை. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலை அந்தக் குடும்பத்தில் அதற்கு முன்னால் யாருக்கும் வாய்த்ததில்லை.

முதல் வரைவில் அவளைச் சாந்த சொரூபியாக எழுதினேன். இரண்டாவதில் அழவைத்தேன். இரண்டிலும் அவள் உயிரோடு இல்லை. மூன்றாவதில் விசிலை ஊதவிட்டேன், எழுந்து வந்துவிட்டாள். அவளுக்கு விசில் ஊதப் பிடிக்கும். வரிசையில் குறுக்கே நுழைகிறவன் தாசில்தாரே ஆனாலும் காதோரம் ஊதுவாள். அறுபது பேர் நின்றால் யார் யாருக்குப் பின்னால் என்று மனப்பாடமாகச் சொல்வாள். தொழில் தெரிந்தவள்.

அவளுக்கு ஒரே ஒரு குறைதான். ஊழியர்கள் வேலை நேரத்தில் உட்காரக் கூடாது என்பது உல்லாசபுரியின் சட்டம். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை நிற்க வேண்டும். பக்கத்திலேயே கல் பெஞ்சுகளோடு ஒரு நிழற்கூடம் இருந்தது. அது அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்கு மட்டும். அவர்கள் யாரும் அந்தப் பக்கம் வந்ததில்லை. காலியான பெஞ்சுகளைக் காலியாகவே வைத்திருக்கத்தான் அவளுக்குச் சம்பளம் என்றுகூடச் சொல்லலாம். சாயங்காலம் கால் வீங்கி, செருப்பு கழலாது. ஒரு முக்காலி கேட்டாள். "நீ உட்கார்ந்தா வரிசை கலைஞ்சிடும். ஜனங்க உட்கார்ந்தாலும் கலைஞ்சிடும். நிர்வாகம்னா உனக்கு இன்னாம்மா தெரியும்?" என்றார் மேனேஜர்.

(மேனேஜர் சென்னைக்காரர், எங்கள் பக்கத்து 'இன்னா'வைச் சொல்வாரா என்று தயங்கினேன். சொல்வார், சென்னையிலும் அதே 'இன்னா'தான். சொல் ஒன்றாக இருந்தால் மனமும் ஒன்றாகிவிடும் என்று யார் சொன்னது? அவருக்கு நான் பெயர் வைக்கவில்லை. அவருடைய ஏட்டில் அமிர்தத்தின் பெயர் 'வரிசை 4'. பதிலுக்குப் பதில்.)

இந்த இடத்தில் அமிர்தம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மூணு தபா எழுதிட்ட. மூணு தபாவும் நிக்க வெச்சேதான் எழுதற. ஒரு வரியில ஒரு முக்காலி போட்டா ஒனக்கு இன்னா கொறஞ்சிடும்?"

போட்டிருக்கலாம். ஆனால் நானே போட்டுக் கொடுத்தால் அது கதை இல்லை, தானம். அவளுக்குத் தானம் வேண்டாம் என்பது அவள் நிற்கிற நிற்பிலேயே தெரிந்தது.

4

சித்திரையில் ஒரு நாள், நிழற்கூடத்துக்குப் பலகை வைக்க வேண்டும் என்று மேனேஜருக்குத் தோன்றியது. அதன் வாசலில் கட்டியிருந்த கயிற்றை யாரும் மதிப்பதில்லை. கள்ளக்குறிச்சியில் பெயின்ட் கடை வைத்து, பெயர்ப்பலகையும் எழுதித்தருகிற கவுஸ் பாஷாவுக்குச் சொல்லியனுப்பினார். "ரிசர்வ்டுனு தமிழ்ல எழுதிடுங்க பாய். பெருசா இருக்கணும், தூரத்துல இருந்து தெரியணும்."

பாஷாவின் கை ஆறு மாதமாக என்ன எழுதிக்கொண்டிருந்தது என்பது மேனேஜருக்குத் தெரியாது. கள்ளக்குறிச்சி முதல் எலவனாசூர்கோட்டை வரை சாலையோரம் ஒரு சுவர் பாக்கியில்லை. கல்வியில், வேலையில் பங்கு கேட்டுச் சனங்கள் கொதித்துக் கிடந்த காலம். சுண்ணாம்பும் நீலமும் கலந்து கொடுத்துவிட்டு, எழுதச் சொல்லிவிட்டுப் போவார்கள். எல்லாச் சுவருக்கும் ஒரே சொல். பாஷா கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்.

பலகையிலும் அப்படியே எழுதிவிட்டார்.

'இட ஒதுக்கீடு!!'

கீழே ஒரு கோடு, பக்கத்தில் இரண்டு ஆச்சரியக்குறி, எல்லாம் சுவர்ப் பழக்கம். மேனேஜர் பார்த்தார். இடம், ஒதுக்கீடு, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று தலையாட்டினார். சுவர்களைப் படிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. கார் கண்ணாடி ஏற்றியே இருக்கும்.

(தெரிந்தே செய்தாரா பாஷா? ஒரு நாள் முழுக்க இதே யோசனையாக இருந்தேன். அவரிடமே கேட்டேன். "கை அதும் போக்குல எழுதிக்கிச்சு சார்" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாரா என்பதை நான் கவனிக்கவில்லை. எழுதுகிறவன் கவனித்திருக்க வேண்டும். என் தப்புத்தான்.)

5

ஞாயிற்றுக்கிழமை. வரிசையில் அறுபது பேருக்குக் குறையாது. முன்னால் எலவனாசூர்கோட்டை கொளஞ்சியப்பன், அவர் மனைவி சின்னப்பொண்ணு. சின்னப்பொண்ணுக்குத் தலை சுற்றியது. கொளஞ்சியப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார், பலகையைப் பார்த்தார், ஊருக்கே கேட்கும்படி எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு கயிற்றைத் தூக்கிவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அமிர்தம் விசில் ஊதினாள். "எந்திரிங்க! இங்கல்லாம் குந்தக் கூடாது."

"நல்லா இருக்குதே ஞாயம்! போர்டும் வெச்சிட்டு, எழுப்பியும் வுடறியா? இன்னா எழுதியிருக்குது, நீயே படி."

அமிர்தம் படித்தாள். நான்கு நாளாக அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் அதுவரை படித்திருக்கவில்லை.

"ஊரே இதுக்குத்தான கத்திக்கினு இருக்குது?" என்றார் கொளஞ்சியப்பன். "எங்க குடுக்கப் போறாங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். மொதல்ல இங்க குடுத்துட்டாங்க."

வரிசை மொத்தமும் சிரித்தது. சிரித்துக்கொண்டே உள்ளே வர ஆரம்பித்தது.

இங்கே அமிர்தம் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். ஊதி எல்லாரையும் எழுப்புவாள் என்று ஒரு தாளில் எழுதிக் கிழித்தேன். அவள் சின்னப்பொண்ணின் முகத்தைப் பார்த்தாள். வெளுத்திருந்தது. அப்புறம் தன் கால்களைப் பார்த்தாள். விசிலை வாயிலிருந்து எடுத்தாள்.

"சரி, குந்துங்க. ஆனா கண்டபடி குந்தக் கூடாது. வரிசையா குந்துங்க. யாரு பின்னாடி யாருன்னு எனக்குத் தெரியும். ரயிலு வந்து நிக்கறப்ப ஒரு விசிலு அடிப்பேன். முன்னாடி இருக்கறவங்க ஏறிப் போனதும் மிச்ச பேரு அப்படியே நவுந்துக்குங்க."

ரயில் வந்தது. விசில். பன்னிரண்டு பேர் எழுந்து போனார்கள், நாற்பத்தெட்டு பேர் பெஞ்சில் சர்ரென்று நகர்ந்தார்கள். அடுத்த தடவை சின்னப்பிள்ளைகள் விசிலுக்காகவே காத்திருந்து நகர்ந்தன. ரயிலைவிட அதுதான் நல்ல விளையாட்டு என்று ஒரு பொடிசு சொன்னது. சாயங்காலம் வரை ஒரு சண்டை இல்லை, ஒருவர்கூடக் குறுக்கே புகவில்லை, ஒருவருக்கும் மயக்கம் வரவில்லை. உட்கார்ந்தால் வரிசை கலைந்துவிடும் என்ற பேச்சுப் பொய்யாகிவிட்டது. அதை எழுதும்போது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

எல்லாரும் உட்கார்ந்தார்கள், அமிர்தத்தைத் தவிர. அவள் நின்றுதான் ஊதினாள்.

6

மறுநாள் காலை மேனேஜர் வந்தார். விஷயம் காதுக்குப் போயிருந்தது. கவுஸ் பாஷாவையும் வரவழைத்திருந்தார். "பலகையை அழிங்க பாய். 'உட்காரக் கூடாது'ன்னு எழுதுங்க."

கவுஸ் பாஷா பெயின்ட் டப்பாவைத் தரையில் வைத்தார். "எழுத்த எழுதத்தான் சார் கூப்புட்டீங்க, எழுதிட்டேன். இந்தச் சொல்ல அழிச்சவன் நானுன்னு தெரிஞ்சா, பஸ்ஸ்டாண்டு தாண்டி வூட்டுக்குப் போவ முடியுமா? நாலு ஊருல கடை மூடிக்கினு போவணும்."

"அப்போ பலகையையே கழட்டிடுங்க."

"அதயும் யாரு கைய வெச்சுக் கழட்டறதுன்னு யோசிங்க சார்."

தோட்டக்காரனைக் கூப்பிட்டார், டிரைவரைக் கூப்பிட்டார். ஆளாளுக்கு ஒரு வேலை முளைத்தது. மேனேஜர் தானே பிரஷ்ஷை எடுத்தார். வேலிக்கு வெளியே சாலையில் போகிற வருகிறவர்கள் நின்று பார்ப்பதைப் பார்த்தார். பிரஷ்ஷை அமிர்தத்தின் கையில் கொடுத்தார்.

"வரிசை 4, நீ அழி. உன்னாலதான் வந்துச்சு. அழிச்சா வேலையில இரு. இல்லன்னா விசிலக் கழட்டி வெச்சிட்டுக் கிளம்பு."

7

இந்த இடத்தில்தான் கதை மூன்று வாரமாக நிற்கிறது.

அழிக்கிறாள் என்று எழுதிப் பார்த்தேன். வெள்ளை அடித்து முடிந்ததும் பழைய நீலம் மெல்ல மேலே தெரிகிறது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அழகுக்கான கூலியை அமிர்தமல்லவா கொடுக்க வேண்டியிருக்கிறது.

மறுத்துவிட்டு, விசிலைக் கழற்றிவைத்துவிட்டு நடக்கிறாள் என்று எழுதினேன். கைதட்டல் கிடைக்கும். மறுநாள் அவள் வீட்டில் உலை வைக்க நான் போய் நிற்கப் போகிறேனா?

பலகையில் 'நிற்பவர்களுக்கு' என்று முன்னால் ஒரு சொல் சேர்க்கிறாள்: 'நிற்பவர்களுக்கு இட ஒதுக்கீடு!!' இது எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. இது நான் சொல்வது, அவள் சொல்வதில்லை.

(கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2021இல். என் கதைக்கு முப்பத்து நான்கு வருடம் தள்ளி. மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது. அமிர்தத்துக்கு இது தெரியாது. சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், அவளுக்கு அது தேவைப்படவில்லை.)

ஏனென்றால் நான் முடிவுகளை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் கையில் பிரஷ்ஷோடு நிழற்கூடத்துக்குள் போனாள். பெஞ்சைச் சேலைத் தலைப்பால் ஒரு தட்டுத் தட்டினாள். உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள். இதை நான் எழுதவில்லை. நான் எழுதத் தொடங்கிய வாக்கியம் வேறு.

"ஏய், எழுந்திரு!" என்றார் மேனேஜர்.

நானும் அவருக்கு ஒத்தாசையாக, பழக்க தோஷத்தில், 'அமிர்தம் எழு' என்று

எழுத முடியவில்லை. மூன்று முறை முயன்றேன்.

பாஷா ஓரமாக வந்து உட்கார்ந்தார். தோட்டக்காரன் மண்வெட்டியைச் சாத்திவிட்டு வந்தான். வாசலில் அன்றைய முதல் பஸ் வந்து நின்றது. மேனேஜர் மட்டும் வெயிலில் நின்றார். அவருக்கும் இடம் இருக்கிறது. வருகிறாரா என்பது அவர் பாடு.

இனி என்ன நடக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். நிர்வாகத்தை நான் ராஜினாமா செய்கிறேன். பலகை அப்படியே இருக்கிறது. அமிர்தம் விசிலை எடுத்து ஒரு தடவை ஊதினாள், எல்லாரும் நகர்ந்தார்கள். பிரஷ்ஷைத் தன் பக்கத்தில் வைத்துவிட்டு, தாளுக்கு இந்தப் பக்கம், உங்களைப் பார்த்தாள்.

"மொதல்லேர்ந்து நின்னுக்கினே படிக்கிறீங்களே, கால் வலிக்கலயா? நவுந்துட்டேன் பாருங்க, வந்து குந்துங்க."