கடையோடு சேர்த்து அண்ணியின் குரலும்

1

இந்தக் கதை எனக்குப் பல்பொருள் அங்காடியில், வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கிடைத்தது. மற்றவர்களுக்குக் கதை மழையில் கிடைக்கிறது, ரயிலில் கிடைக்கிறது என்று பேட்டிகளில் படித்திருக்கிறேன். எனக்கு வாய்த்தது இப்படி. தலைக்கு மேலே ஒலிபெருக்கி சொன்னது: "வெங்காயத்துக்கு இன்டர்வியூ நடத்துற எழுத்தாளரம்மா, மத்தவங்களுக்கும் கொஞ்சம் வழி விடுங்க."

கடை முழுக்கச் சிரித்தது. பேசியது என் அண்ணி, அதாவது என் அண்ணன் மனைவி. கடையின் மாடியில், கண்ணாடி போட்ட சின்ன அறையில் மைக்கோடு உட்கார்ந்திருப்பவர். அன்று வீட்டுக்கு வந்ததும் அவர்தான் விஷயத்தைச் சொன்னார். ஒரு பெரிய கம்பெனி கடையை வாங்கிவிட்டது. கிளைகள், கிடங்கு, லாரிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட பிறகு, "உங்க குரலும் வேணும்மா" என்று அண்ணியைக் கேட்டிருக்கிறார்கள்.

நான் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

2

முதல் தொடக்கம்: அன்று வானம் இருண்டு

(வேண்டாம். அந்தக் கடைக்குள் வானம் தெரியாது. குழல்விளக்குதான்.)

இரண்டாவது தொடக்கம்: உலகமயமாதலின் கோர நகங்கள் சாமானிய மக்களின்

(அண்ணி எட்டிப் பார்த்து, "யாருடி அது, நகம் வெட்டாதவங்க?" என்றார். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

மூன்றாவது தொடக்கம்தான் நின்றது: அண்ணி மட்டும் இல்லாவிட்டால் எங்கள் ஊரில் பாதிப் பேர் அந்தக் கடைக்குள் தொலைந்திருப்பார்கள்.

இதில் மிகை எதுவும் இல்லை. "மாவுப் பக்கம் நிக்கிற நீலச் சட்டை அண்ணே, உங்க வீட்டம்மா சோப்புப் பக்கம் தேடிட்டு இருக்காங்க. முகத்தைப் பாத்தா நீங்க சீக்கிரம் போறது நல்லது." இன்னொரு நாள்: "அழுதுட்டு இருக்கிற குட்டிப் பாப்பா என்கிட்டதான் இருக்கு. அம்மா பேரு என்னன்னா 'அம்மா'ங்குது. அந்தப் பேர்ல யாராவது இருந்தா மாடிக்கு வாங்க." சில நாள் குரலைத் தாழ்த்தி, ஏதோ ரகசியம் மாதிரி: "தக்காளி இன்னைக்குச் சுமார்தான். நாளைக்கு வாங்கிக்கோங்க."*

* பழைய முதலாளி இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் மைக்கை வாங்கி வைத்ததில்லை. அண்ணி நன்றாக இருக்கிறது என்று சொன்ன நாளில் தக்காளி மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அவ்வளவு நம்பிக்கை ஜனங்களுக்கு.

3

கதை என்றால் ஒரு வில்லன் வேண்டுமே. புதிய கம்பெனியிலிருந்து வந்த அதிகாரியைத் தயார் செய்தேன். முறுக்கு மீசை வைத்தேன், குரலைக் கரகரப்பாக்கினேன். அண்ணி படித்துவிட்டு, "அவருக்கு மீசையே இல்லடி. நல்ல மனுஷன். நான் இருமினேன்னு எழுந்து போய்த் தண்ணி கொண்டாந்து குடுத்தாரு" என்றார். வில்லனுக்குரிய ஒரு லட்சணமும் இல்லாத ஆளை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?

நடந்தது இதுதான். அவர் கடையைப் பார்வையிட வந்த முதல் நாள், யார் என்று தெரியாமல் அண்ணி மைக்கைப் பிடித்துவிட்டார். "டை கட்டின ஐயா, தள்ளுவண்டியை நடுவழியில விட்டுட்டு எங்க கிளம்பிட்டீங்க? லைசன்ஸ் இருக்கா?" மனிதர் விழுந்து விழுந்து சிரித்தாராம். வினை அந்தச் சிரிப்பில்தான் தொடங்கியது. இந்தக் குரல் எல்லாக் கிளைகளுக்கும் வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

"கொஞ்ச நாள் வந்து படிச்சுக் குடுங்கம்மா, நாங்க பதிவு பண்ணிக்கிறோம். அப்புறம் மெஷினே உங்க குரல்ல பேசிடும்."

"எதைப் பேசும்?"

"நாங்க எழுதிக் குடுக்கிறதை."

"தக்காளி சுமார்னு எழுதிக் குடுப்பீங்களா?"

அவர் மறுபடியும் சிரித்தார். 

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் அண்ணிக்குக் கீழ்த்தளத்தில், பில் போடும் இடத்தில் நிரந்தர வேலை. போடாவிட்டால் வேறு யாருடைய குரலையாவது வாங்கிக்கொள்வார்கள்; அண்ணியின் வேலையைப் பற்றி "அப்புறம் பாக்கலாம்." அண்ணன் முதுகு வலியோடு வீட்டில் கிடக்கிறான். குடும்பம் ஓடுவது அண்ணியின் சம்பளத்தில்தான்.

"குரல்தானே, குடுத்தா தேஞ்சா போயிடும்?" என்றான் அண்ணன்.

"தேயாதுங்கிறதுதாங்க பயமே. நான் செத்த பிறகும் 'சோப்பு ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்'னு கூவிக்கிட்டே கிடப்பேனா?"

அண்ணன் சிரித்தான். நானும் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. (இந்த இடத்தில் ஒரு நல்ல உவமை வந்திருக்க வேண்டும். வரவில்லை.)

4

முடிவு அ: அண்ணி கையெழுத்துப் போடுகிறார். எல்லாக் கிளைகளிலும் அவர் குரல் தேனொழுக, "இன்றைய தக்காளி மிகவும் புதியது" என்கிறது. அழுகலை வாங்கிப் போனவர்கள் தெருவில் அண்ணியை மறித்து நியாயம் கேட்கிறார்கள். அவரோ பில் போட்டுக்கொண்டு, தலைக்கு மேலே தன் குரல் புளுகுவதை நாள் முழுக்கக்

(எனக்கே தாங்கவில்லை. நிறுத்திவிட்டேன்.)

முடிவு ஆ: மறுக்கிறார். ஊரே திரண்டு கடை வாசலில்

(ஊர் திரளாது. பாதி விலைக்குப் போட்டால் திரளும்.)

முடிவு இ: மறுக்கிறார். நிமிர்ந்து நின்று அதிகாரியிடம் சொல்கிறார்: "என் குரல் விற்பனைக்கு அல்ல, ஐயா. அது மக்களின் சொத்து!"

இதுதான் எனக்குப் பிடித்திருந்தது. எழுதி முடித்தபோது கண் கலங்கிவிட்டது, என் எழுத்தைப் படித்து எனக்கே.

5

அண்ணி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து படித்தார்.

"இதை நான் எப்ப சொன்னேன்?"

"சொல்லல அண்ணி. கதைக்காக நான் சொல்ல வெச்சேன்."

"மக்களின் சொத்தா? நான் இப்படியாடி பேசுவேன்?"

"படிக்கிறவங்களுக்குப் பிடிக்கும் அண்ணி."

"வாங்குறவங்களுக்குப் பிடிக்கும்னு அந்த ஐயாவும் இதேதான் சொன்னாரு." தாளைத் திருப்பிக் கொடுத்தார். "அவராவது என்னைக் கேட்டாரு. நீ கேக்கவே இல்லையே."

எனக்குச் சுருக்கென்றது. இதுவரை நீங்கள் சிரித்த இடங்களில் அண்ணி சொன்னது எது, நான் கூட்டிச் சேர்த்தது எது என்று இப்போது எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. எழுத எழுத இரண்டும் ஒன்றாகிவிட்டன.

"சரி அண்ணி, இப்ப கேக்கிறேன். அவர்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"தெரியலடி. கையெழுத்துப் போடலாம்னு எழுந்திருக்கிறேன், வேண்டாம்னு உக்காந்துடுறேன். நீயா எதையாவது எழுதிடாத."

6

இன்று அண்ணி வேலைக்குக் கிளம்பிவிட்டார். மாடி அறையில் அதிகாரி காத்திருப்பார். மூன்று முடிவுகளையும் அடித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

"என்ன முடிவு பண்ணீங்கம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

அண்ணி சொன்னார்: "                                        "

இது அச்சுப்பிழை இல்லை. இந்த மாதிரிக் கதைகளில் வாசகரே நிரப்பிக்கொள்ளட்டும் என்று விடுவது வழக்கம். நான் அதற்கு நேர்மாறாகக் கேட்கிறேன்: தயவுசெய்து நிரப்பாதீர்கள். அவர் கையெழுத்துப் போட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. போடாமல் வேலையை இழந்து வருவாரோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. ஆனாலும் அங்கே பேச வேண்டியவர் அவர்.

அண்ணி பேசட்டும். அதுவரை நீங்களும் நானும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருப்போம்.